வேலூர்ப் பனியில் வீட்டுப் பிராணிகள்: என்ன தெரிகிறது, என்ன செய்வது

வேலூர்ப் பக்கம் வெயிலை மனதில் வைத்துத்தான் வீடு கட்டுகிறோம். நடையில் கடப்பா கல், முன்பக்கம் காற்று வரக் கம்பிக் கேட், மொட்டை மாடியில் சிமென்ட் ஷீட் போட்ட கொட்டகை, பறவைக் கூண்டு தொங்கவிடக் காற்றோட்டமான பால்கனி. கோடை முழுக்க இதெல்லாம் நாய்க்கும் பூனைக்கும் வரம். மார்கழியிலும் தையிலும் இதே வசதிகள்தான் அவற்றைப் பாடாய்ப் படுத்துகின்றன. கல் உடம்புச் சூட்டை இழுக்கிறது. கேட் வழியாக வாடைக்காற்று நேரே உள்ளே வருகிறது. ஷீட்டின் அடியில் பனி கோத்து நிற்கிறது, விடியும்போது சொட்டுகிறது. ‘தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்’ என்று பெரியவர்கள் சொல்வது, தரையில் படுக்கும் ஜீவனுக்கு அப்படியே பொருந்தும்.

நம் சமவெளியில் விடியற்காலையில் வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும். ஏலகிரியிலும் ஜவ்வாது மலையிலும் இன்னும் குறையும். காலுக்கு ஷூ மாட்டுங்கள், சாலையில் தூவிய உப்பைக் கழுவிவிடுங்கள் என்பதெல்லாம் பனி உறையும் நாடுகளுக்கான அறிவுரை. உடம்பு காய்ந்து, காற்றுப் படாத மூலையில் சுருண்டு படுத்திருக்கும் நாட்டு நாய்க்கு நம் ஊர்க் குளிர் பெரிய விஷயமே இல்லை. ஈரம், காற்று, சில்லிட்ட தரை மூன்றும் சேரும்போதுதான் ஆபத்து. அதைவிடப் பெரிய ஆபத்து இன்னொன்று இருக்கிறது. வேறு நோயைக் ‘குளிர்தான்’ என்று நினைத்து, சாக்கு போர்த்திவிட்டு நாள் கடத்துவது. அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறியிலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இது குளிரா, வேறு ஏதாவதா என்பதுதான்.

முதலில் ஒரு தெர்மாமீட்டர்

மெடிக்கலில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். பிராணிக்கென்று தனியாக ஒன்று வாங்கி, மேலே பிளாஸ்டர் ஒட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். முனையில் வாசலினோ தேங்காய் எண்ணெயோ தடவி, வாலைத் தூக்கி, ஆசனவாயில் மெதுவாக ஓர் அங்குலம் செலுத்தி, ‘பீப்’ சத்தம் வரும் வரை பிடியுங்கள். ஒருவர் தலையை அணைத்துக்கொண்டு பேச்சுக் கொடுத்தால் பெரும்பாலான நாய்கள் நின்றுவிடும். பூனையைத் துண்டில் சுற்றிக்கொள்ள வேண்டும்.

நாய்க்கும் பூனைக்கும் 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை சரியான அளவு. நமக்கு 98.6 என்பதால், நல்ல ஆரோக்கியமான நாயைத் தொட்டாலும் நம் கைக்குச் சூடாகத்தான் இருக்கும். மூக்கு ஈரமா, காய்ந்திருக்கிறதா என்று பார்ப்பது எதையும் சொல்லாது. 103-ஐத் தாண்டினால் காய்ச்சல் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 104 என்றால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். 99-க்குக் கீழே என்றால்தான் உண்மையிலேயே உடம்பு குளிர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

நாய் நடுங்குகிறது

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். தவறாகப் புரிந்துகொள்வதும் இதில்தான் அதிகம்.

காகிதப்பட்டறைப் பகுதியில் பக்கத்து வீட்டு ஆட்டோக்கார அண்ணன் ஒரு மார்கழி காலையில், “இன்னாண்ணா இது, ரெண்டு சாக்கு போட்டும் நடுங்குது” என்று கூப்பிட்டார். நாய் சாக்குக்குள் சுருண்டு கிடந்தது. பிஸ்கட் கொடுத்தால் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. தெர்மாமீட்டர் 104.5 காட்டியது. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளுத்திருந்தது. காது மடலின் உள் மடிப்பில் மிளகு அளவுக்கு உண்ணிகள். ரத்தப் பரிசோதனையில் உண்ணிக் காய்ச்சல் என்று வந்தது.

நம் ஊரில் பனிக்காலம் வந்தாலும் உண்ணி போவதில்லை. நாயின் மேல் இருக்கும் பழுப்பு உண்ணி, சுவர் விரிசலிலும் கட்டில் காலிலும் கதவு நிலையிலும் முட்டையிட்டு வீட்டுக்குள்ளேயே குடும்பம் நடத்தும். அது பரப்பும் எர்லிக்கியா, பபீசியா கிருமிகளால் காய்ச்சல் வந்து நாய் நடுங்கும், படுத்தே கிடக்கும், சாப்பிடாது. பார்க்கிறவருக்குக் குளிரில் கிடப்பது போலவே இருக்கும். ஈறு வெளுப்பு, மூக்கில் ரத்தம், டிக்காக்ஷன் நிறத்தில் மூத்திரம், இதில் எது தெரிந்தாலும் ஒரு நாள்கூடப் பொறுக்காதீர்கள். எர்லிக்கியாவுக்கு டாக்சிசைக்ளின் பெரும்பாலும் 28 நாள் எழுதுவார்கள். நாலாம் நாளே நாய் எழுந்து வாலாட்டும். அதைப் பார்த்து மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

நடுங்குகிறது, ஆனால் தெர்மாமீட்டரில் அளவு சரியாக இருக்கிறது என்றால், அடுத்து காதையும் வாலையும் பாருங்கள். காது பின்னுக்கு ஒட்டி, வால் கால்களுக்கிடையே போய், மூச்சிரைத்துக்கொண்டு கட்டிலுக்கடியில் புகுந்தால் அது பயம். தீபாவளி, கார்த்திகை தீபம், புத்தாண்டு நள்ளிரவு, தையில் நம் மாவட்டத்து எருது விடும் விழாக்கள் என்று இந்தக் காலம் முழுக்க வெடியும் மேளமும்தான். உள் அறையில் ஜன்னலைச் சாத்தி, ஃபேனையோ டிவியையோ ஓட விட்டு, கூடவே உட்காருங்கள். கட்டிப்போட்டு விட்டுப் போகாதீர்கள்.

பூனை நடுங்கினால் இன்னொரு கேள்வி. நேற்றோ இன்றோ உண்ணி மருந்து போட்டீர்களா? நாய்க்குக் கழுத்தில் விடும் சொட்டு மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். அது பூனைக்கு விஷம். மாட்டு உண்ணிக்குத் தண்ணீரில் கலந்து தெளிக்கும் மருந்தைப் பூனைக்குத் தேய்ப்பதும் அப்படித்தான். தசை துடிப்பது, காது வெடுக்கென்று ஆடுவது, பிறகு வலிப்பு என்று போகும். பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் கொண்டு உடனே கழுவி, துடைத்து, மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

இவை எதுவும் இல்லை, மழையில் நனைந்தது அல்லது ராத்திரி முழுக்க வெறும் தரையில் கிடந்தது என்றால்தான் குளிர் நடுக்கம். அதற்கு மருந்து வேண்டாம், இடத்தை மாற்றினால் போதும். துவட்டுங்கள். ஹேர் டிரையர் இருந்தால் குறைந்த சூட்டில், ஒரு முழம் தள்ளிப் பிடித்துக் காய வையுங்கள். மேல் முடி காய்ந்தாலும் அடி முடியில் ஈரம் நிற்கும். பொமரேனியன், லாப்ரடார் போன்ற அடர்ந்த முடி நாய்களுக்கு விரலை உள்ளே விட்டுத் தோலைத் தொட்டுப் பாருங்கள்.

நாய்க் கூண்டு வெளியில் இருந்தால், நாலு மூலையிலும் செங்கல் வைத்துத் தரையிலிருந்து தூக்குங்கள். இந்தக் காலத்தில் காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது, அதனால் வாசல் தெற்கு பார்த்திருப்பது நல்லது. காலை வெயிலும் சாய்வாக உள்ளே விழும். பெரிய கூண்டு வசதி என்று நினைக்க வேண்டாம். நாய் தன் உடம்புச் சூட்டால்தான் கூண்டைச் சூடாக்குகிறது. நிற்க, திரும்ப, நீட்டிப் படுக்க இடம் இருந்தால் போதும். உள்ளே கோணிப்பையைவிடக் காய்ந்த வைக்கோல் மேல். கோணி ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். வைக்கோலை வாரம் ஒருமுறை மாற்றி, பழையதை வெயிலில் கொட்டிவிடுங்கள்.

உடம்பு சில்லென்று இருக்கிறது, துவண்டு கிடக்கிறது

இது அவசரம். மழையில் சாக்கடையிலோ தண்ணீர்த் தொட்டியிலோ விழுந்து வெகுநேரம் கிடந்த நாய், பூனைகளிடம் காணலாம். முதலில் நடுங்கும். நடுக்கம் நின்று, கூப்பிட்டால் கண்கூடத் திறக்கவில்லை என்றால் நிலைமை மோசமாகிறது என்று பொருள். நடுக்கம் நின்றதைப் பார்த்து ‘சரியாகிவிட்டது’ என்று நினைத்துவிடாதீர்கள்.

ஈரத்தைத் துடையுங்கள். போர்வையில் சுற்றுங்கள். பிளாஸ்டிக் பாட்டிலில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் நிரப்பி, துண்டில் சுற்றி, நெஞ்சின் இரு பக்கமும் தொடை இடுக்கிலும் வையுங்கள். சுற்றாமல் வைத்தால் தோல் வெந்துவிடும், மயக்கத்தில் இருக்கும் பிராணி விலகிப் படுக்காது. நடு உடம்பைச் சூடாக்குங்கள். கால்களைத் தேய்த்துச் சூடேற்ற வேண்டாம், அங்கே தேங்கிய குளிர்ந்த ரத்தம் சட்டென்று இதயத்துக்குப் பாயும். பத்து, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து, 100-ஐ நெருங்கும்போது பாட்டில்களை எடுத்துவிடுங்கள். 95-க்குக் கீழே என்றால் போர்வையில் சுற்றியபடியே வண்டியில் ஏறுங்கள், மற்றதை வழியில் செய்யலாம்.

செய்யக் கூடாதவற்றில் முதல் இடம் பிராந்திக்கு. குட்டிக்கு ஒரு மூடி பிராந்தி ஊற்றினால் சூடு வரும் என்று இன்னும் சொல்கிறார்கள். சாராயம் தோலுக்கடியில் ரத்தக் குழாய்களை விரிய வைத்து, மிச்சமிருக்கும் சூட்டையும் வெளியே விட்டுவிடும். சின்ன உடம்புக்கு அதுவே விஷமும்கூட. மூடிய அறையில் கரி நெருப்புச் சட்டி வைப்பதும் வேண்டாம். மலைப் பக்கத்து வீடுகளில் இது பழக்கம். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தரையில் படுத்திருக்கும் நாயும் கட்டிலில் படுத்திருக்கும் மனிதரும் ஒன்றாக மயங்கிப் போவார்கள்.

குட்டிகள் விடாமல் கத்துகின்றன, அல்லது சத்தமே இல்லை

தெரு நாய்கள் பெரும்பாலும் மழைக்காலத்தின் கடைசியிலும் பனிக்காலத்திலும்தான் குட்டி போடும். மரத்தடி, கல்வெர்ட்டு அடி, கட்டுமான மணல் குவியல் என்று இடம் பார்த்திருக்கும். பிறந்து இரண்டு வாரத்துக்குக் குட்டிக்கு நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளத் தெரியாது. தாயின் வயிறும் கூடப் பிறந்தவைகளும்தான் அதற்குச் சூடு.

குட்டிகள் படுத்திருக்கும் விதமே தெர்மாமீட்டர். ஒன்றன் மேல் ஒன்றாகக் குவிந்து கத்தினால் குளிர்கிறது. ஆளுக்கொரு மூலையில் தள்ளித் தள்ளிக் கிடந்தால் சூடு அதிகம். பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி அமைதியாகத் தூங்கினால் சரியாக இருக்கிறது. முதல் வாரம் அவற்றின் இருப்பிடத்துக்கு 30 டிகிரி செல்சியஸ் அளவில் சூடு வேண்டும். தாய் இருந்தால் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். ஒரு பக்கம் திறந்த மரப்பெட்டியைக் கவிழ்த்து, மேலே தார்ப்பாய் போட்டு, உள்ளே வைக்கோல் பரப்பினால் தாய் தானே உள்ளே போகும். தாய்க்குச் சோறு போடுங்கள். குட்டிகளுக்கு நீங்கள் செய்யும் பெரிய உதவி அதுதான்.

தாய் இல்லை, குட்டி கையில் சில்லென்று இருக்கிறது, வாயைத் திறக்கக்கூட முடியவில்லை என்றால், பால் கொடுக்கத்தான் கை போகும். கொடுக்காதீர்கள். குளிர்ந்த குட்டிக்குக் குடல் ஓடாது. ஊற்றிய பால் வயிற்றில் உப்பிக்கொள்ளும், இல்லையென்றால் மூச்சுக்குழலில் போய் நிமோனியா வரும். முதலில் சூடு. சட்டைக்குள் வைத்து, அல்லது துண்டு சுற்றிய வெந்நீர்ப் பாட்டில் பக்கத்தில் வைத்து, ஒன்றிரண்டு மணி நேரத்தில் மெல்ல மெல்ல. உடம்பு கதகதப்பாகி, விரலை வாயில் வைத்தால் சப்பத் தொடங்கியதும் பால். நாய்க்குட்டிகளுக்கான பால் பவுடர் கடையில் கிடைக்கிறது. பசும்பால் அவற்றுக்கு நீர்த்துப் போனது. மல்லாக்கப் படுக்கவைத்துப் புகட்டாமல், தாய்மடியில் குடிப்பது போலக் குப்புற வைத்துப் புகட்டுங்கள்.

இருமுகிறது, தும்முகிறது

வாத்து கத்துவது போல வறட்டு இருமல், கடைசியில் எதையோ கக்கப் பார்ப்பது போல முடிகிறது, ஆனால் நாய் நன்றாகச் சாப்பிடுகிறது, காய்ச்சல் இல்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது நாய்களைப் பார்த்துக்கொள்ளும் போர்டிங்கில் விட்டிருந்தால் அநேகமாகக் கென்னல் காஃப், நாயிடமிருந்து நாய்க்குத் தொற்றும் இருமல். ஒன்று முதல் மூன்று வாரத்தில் தானே அடங்கும். மற்ற நாய்களோடு விடாதீர்கள். கழுத்துப் பட்டையைக் கழற்றி, நெஞ்சோடு மாட்டும் ஹார்னஸ் போடுங்கள். மூக்கிலும் கண்ணிலும் கெட்டியாக மஞ்சள் சளி, காய்ச்சல், சாப்பிடவில்லை, தலையோ தாடையோ துடிக்கிறது என்றால் டிஸ்டெம்பராக இருக்கலாம். தடுப்பூசி போடாத குட்டிகளைக் கொத்துக் கொத்தாகக் கொண்டுபோகும் நோய் அது. ஆறு முதல் எட்டு வார வயதில் தடுப்பூசியைத் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் நாலு மாத வயது வரை போட்டு முடிக்க வேண்டும்.

வயதான பொமரேனியன் ராத்திரியில் மட்டும் இருமினால் பனிமேல் பழி போடாதீர்கள். இதய வால்வு தளர்ந்தாலும் அப்படித்தான் இருமும். தூங்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுங்கள். தொடர்ந்து முப்பதுக்கு மேல் போனால் இதயத்தைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

போகி அன்று விடியற்காலையில் இருமல் தொடங்கினால் புகைதான் காரணம். கண்ணும் எரியும். முதல்நாள் இரவே பிராணிகளை உள் அறைக்குக் கொண்டுவந்து ஜன்னலைச் சாத்திவிட்டால் பாதித் தொல்லை குறையும்.

சளிக்கு நம் கைவைத்தியம் எதுவும் இவற்றுக்கு ஒத்துவராது. தைலம், கற்பூரம், யூகலிப்டஸ் எண்ணெய் எல்லாம் நாய்க்கும் கெடுதல், பூனைக்கு இன்னும் மோசம். தேய்த்ததை நக்கி விழுங்கிவிடும். பூண்டு ரசமும் வேண்டாம். பூண்டும் வெங்காயமும் நாய், பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும். ஆவி பிடிக்க வேண்டுமென்றால் குளியலறையில் வெறும் வெந்நீர் பிடித்து, கதவைச் சாத்தி, பத்து நிமிடம் கூட உட்காருங்கள், அவ்வளவுதான். இதே கையோடு ஒன்று: பொங்கல் அன்று ஆசையாக வைக்கும் சர்க்கரைப் பொங்கலில் உலர் திராட்சை இருக்கும். கொஞ்சம் திராட்சைகூடச் சில நாய்களுக்குச் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும். வெண்பொங்கலிலும் நெய் அதிகம். நாய்க்கு வெறும் சோற்றை எடுத்து வைத்துவிடுங்கள்.

பூனை சாப்பிட மாட்டேன் என்கிறது

மூக்கு அடைத்த பூனைக்கு வாசனை தெரியாது. வாசனை தெரியாததை அது சாப்பிடாது. மீனையோ கோழியையோ வெதுவெதுப்பாகச் சூடுபண்ணி வையுங்கள், ஈரப் பஞ்சால் மூக்கைத் துடைத்துவிடுங்கள். பல பூனைகள் அதற்கே தட்டுக்கு வந்துவிடும். வாயில் புண், எச்சில் வடிவது, கண் ஒட்டிக்கொள்வது இருந்தால் பூனைக் காய்ச்சல் வைரஸ், டாக்டர் பார்க்க வேண்டும். குண்டான பூனை இரண்டு மூன்று நாள் தொடர்ந்து பட்டினி கிடந்தால் கொழுப்பு கல்லீரலில் படிந்து உயிருக்கே ஆபத்தாகும்.

பூனைக்குப் பாராசிட்டமால் ஒரே ஒரு மாத்திரைகூட எமன். அதைச் சிதைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் கல்லீரலுக்குக் கிடையாது. முகம் வீங்கி, ஈறு பழுப்பாகி, மூச்சு முட்டிச் சாகும். ‘குழந்தைக்குக் கொடுக்கிற சிரப்தானே, கால் ஸ்பூன்’ என்பதும் இதில்தான் சேரும்.

ஆண் பூனை முக்கிக்கொண்டே இருக்கிறது

மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் கொடுப்பதற்கு முன், பூனை ஒதுங்கும் மண் தட்டைக் கிளறிப் பாருங்கள். ஈரக் கட்டி இருக்கிறதா? இல்லையென்றால் இது மூத்திர அடைப்பு. பனிக்காலத்தில் பூனைகள் தண்ணீர் குறைவாகக் குடிக்கும். விடியற்காலைப் பனியில் தோட்டத்துக்குப் போகச் சோம்பி, மூத்திரத்தை அடக்கி வைக்கும். மூத்திரம் கெட்டியாகி, மணல் போலப் படிந்து, ஆண் பூனையின் குறுகிய குழாயில் அடைத்துக்கொள்ளும். அடிக்கடி போய் உட்காரும், கத்தும், பின்பக்கத்தை விடாமல் நக்கும், ஒரு சொட்டு வரும் அல்லது அதுவும் வராது. அடிவயிற்றில் எலுமிச்சம்பழம் போல உருண்டை கையில் தட்டுப்படும். அதுதான் நிரம்பிய மூத்திரப்பை. அமுக்கிப் பார்க்காதீர்கள், கிழிந்துவிடும்.

இதற்குக் காலை வரை காத்திருக்க முடியாது. வெளியேற வேண்டிய பொட்டாசியம் ரத்தத்தில் ஏறி, ஓரிரு நாளில் இதயத்தை நிறுத்திவிடும். டாக்டரிடம் போனதும் ‘சாப்பிடவில்லை’ என்று தொடங்காமல், ‘மூத்திரம் போகவில்லை’ என்று முதலில் சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியத்துக்கு வரிசையில் முன்னால் கூப்பிடுவார்கள்.

வராமல் பார்த்துக்கொள்வது எளிது. மார்கழி பிறந்ததும் மண் தட்டை வீட்டுக்குள், காற்றுப் படாத இடத்துக்குக் கொண்டுவாருங்கள். தண்ணீர்க் கிண்ணத்தை இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள். கொஞ்சம் வெதுவெதுப்பாக வைத்தால் இன்னும் குடிக்கும். உலர் தீனி மட்டும் போடுகிறவர்கள் மீன் வேகவைத்த உப்பில்லாத தண்ணீரை மேலே ஊற்றுங்கள்.

கிழட்டு நாய் காலையில் எழ முடியாமல் தடுமாறுகிறது

எழுந்து நாலு அடி வைக்கும்வரை நொண்டும், நடக்க நடக்கச் சரியாகும் என்றால் மூட்டுத் தேய்மானம். குளிர் அதை உண்டாக்கவில்லை, ஆனால் வலியைக் கூட்டுகிறது. படுக்கைதான் இதற்கு முதல் வைத்தியம். நாய் படுக்கும் இடத்தில் உங்கள் உள்ளங்கையை இரண்டு நிமிடம் அழுத்தி வையுங்கள். கை சில்லிட்டால் அடுக்கு போதவில்லை, ஈரம் ஒட்டினால் துணியை மாற்ற வேண்டும். கல் தரை மேல் அட்டைப் பெட்டியைப் பிரித்துப் போட்டு, அதன்மேல் மூன்று அங்குல ஃபோம், மேலே பழைய கம்பளி. கோடையில் சுகமாக இருந்த நைலான் நாடா கட்டிலில் இப்போது கீழிருந்து காற்று ஏறும், அதன்மேலும் தடித்த விரிப்பு வேண்டும்.

நடைக்குப் பனி விலகி வெயில் ஏறிய பிறகு கூட்டிப் போங்கள். வேலூர்க் கோட்டையைச் சுற்றி விடியற்காலையில் ஓடுவது உங்களுக்கு நல்லது, பன்னிரண்டு வயது லாப்ரடாருக்கு இல்லை. குளிர் என்று தீனியைக் கூட்டாதீர்கள். வீட்டுக்குள் தூங்கும் நாய்க்கு அது எடையாகத்தான் ஏறும், எடை முழுக்க மூட்டில் இறங்கும். நாம் போடும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாத்திரைகள் நாயின் வயிற்றைப் புண்ணாக்கி ரத்தம் கக்க வைக்கும். நாய்க்கென்று இருக்கும் வலி மருந்தை டாக்டர்தான் எடை பார்த்து எழுத வேண்டும். நேற்றுவரை ஓடிய நாய் திடீரென்று பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு வந்தால் அது முதுகுத்தண்டு. அன்றைக்கே காட்டுங்கள்.

தோல் செதில் செதிலாக உதிர்கிறது

குளிப்பாட்டுவதைக் குறையுங்கள். மாதம் ஒருமுறை, நண்பகலில், வெதுவெதுப்பான தண்ணீரில் போதும். வட்டமாக முடி கொட்டினாலோ, சொறிந்து ரத்தம் வந்தாலோ அது வறட்சி இல்லை. பூஞ்சையோ சொறிப் பூச்சியோ இருக்கும், தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்துத்தான் மருந்து சொல்ல முடியும்.

லவ் பேர்ட்ஸ் உப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது

பறவை இறகை உப்பி, இடையில் காற்றைத் தேக்கிக் குளிரைத் தடுத்துக்கொள்ளும். காலையில் கொஞ்ச நேரம் அப்படி உட்கார்ந்து, வெயில் வந்ததும் கத்தத் தொடங்கினால் கவலையில்லை. பத்து மணிக்கும் உப்பியபடி, கண் சொருகி, கூண்டின் அடித்தட்டுக்கு இறங்கிவிட்டால், மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடினால், நோய் முற்றிவிட்டது. பறவைகள் முடிந்தவரை நோயை மறைக்கும். நமக்குத் தெரியும்போது நேரம் குறைவாகத்தான் இருக்கும்.

உடனே செய்ய வேண்டியது சூடு கொடுப்பது. கூண்டின் மூன்று பக்கமும் மேலும் துணியால் மூடுங்கள். திறந்த பக்கத்தில், கூண்டுக்கு வெளியே, ஓர் அடி தள்ளி 40 வாட் குண்டு பல்பு எரியட்டும். எல்.இ.டி. பல்பில் வெளிச்சம் வரும், சூடு வராது. பழைய குண்டு பல்பு எலக்ட்ரிக்கல் கடையில் கேட்டால் தேடிக் கொடுப்பார்கள். உள்ளே 30 டிகிரி செல்சியஸ் அளவு இருந்தால் போதும். பறவை இறகை உடம்போடு ஒட்டி, வாயைத் திறந்து மூச்சுவிட்டால் சூடு அதிகம், பல்பைத் தள்ளி வையுங்கள். துணி பல்பைத் தொடக் கூடாது.

கூண்டு எங்கே தொங்குகிறது என்பதையும் பாருங்கள். சத்துவாச்சாரி, காட்பாடிப் பக்கத்து அடுக்குமாடிகளில் பால்கனி கொக்கியில் மாட்டிவிடுகிறார்கள், நாலு பக்கமும் காற்று. ராத்திரியில் உள்ளே எடுத்து, சுவர் மூலையில் வையுங்கள். ஆனால் சமையலறையில் வேண்டாம். நான்ஸ்டிக் தோசைக்கல் காய்ந்து புகைந்தால் அந்தப் புகை நமக்குத் தெரிவதற்குள் பறவை செத்துவிடும். கொசுவத்தியும் சாம்பிராணியும் அந்த அறையில் கூடாது. பச்சைக்கிளி வளர்ப்பவர்களுக்கு: அது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வீட்டில் வைத்திருக்கக் கூடாத பறவை. வனத்துறையிடம் ஒப்படைப்பதுதான் சரி.

முயல், மீன், வண்டி

முயலுக்கு நம் ஊர் வெயில்தான் எதிரி, குளிரை நன்றாகவே தாங்கும். ஈரமும் நேர்க்காற்றும் மட்டும் கூடாது. அரை நாளாக எதுவும் தின்னவில்லை, புழுக்கையும் இல்லை என்றால் குடல் நின்றுவிட்டது, குளிர் என்று விட்டுவிடாமல் கொண்டுபோங்கள்.

காலையில் கோலம் போட்டு முடித்ததும் வண்டியை எடுப்பவர்கள், பானெட்டை நாலு தட்டுத் தட்டிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ராத்திரி நின்ற இன்ஜின் சூட்டுக்குத் தெருப் பூனைக்குட்டிகள் உள்ளே ஏறிப் படுத்திருக்கும். ஸ்கூட்டருக்கும் இதுதான், சீட்டுக்கடியிலும் பின் சக்கரப் பக்கமும் குனிந்து பாருங்கள்.

மீன் தொட்டியில் மீன்கள் கல்லில் உரசுகின்றன, உடம்பில் ரவை தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றன என்றால், தண்ணீர் குளிர்ந்து மீன் சோர்ந்ததும் ஒட்டுண்ணி ஏறிவிட்டது. கப்பி, ஏஞ்சல், ஃபைட்டர் வகைகளுக்கு 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் வேண்டும். தங்கமீனுக்கு ஹீட்டர் தேவையில்லை. மற்றவற்றுக்கு லிட்டருக்கு ஒரு வாட் கணக்கில் ஹீட்டர் வாங்கி, நாளுக்கு ஓரிரு டிகிரியாக 28 வரை ஏற்றுங்கள். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், அதனால் ஏர் பம்பை இருபத்து நாலு மணி நேரமும் ஓட விடுங்கள். அதோடு மீன் கடையில் கிடைக்கும் வெள்ளைப்புள்ளி மருந்தை அட்டையில் சொன்ன அளவில் போடுங்கள். புள்ளி மறைந்த பிறகும் சில நாள் மருந்தை நிறுத்தக் கூடாது, உடம்பிலிருந்து விழுந்தவை தொட்டியின் அடியில் பெருகிக்கொண்டிருக்கும், மருந்து அவற்றைப் பிடிப்பது மறுபடி நீந்தி வரும்போதுதான். தண்ணீர் மாற்றும்போது முதலில் ஹீட்டர் பிளக்கைப் பிடுங்கி, கால் மணி நேரம் ஆறவிட்டுப் பிறகு தொட்டிக்குள் கை விடுங்கள்.